சண்டி மாடு போல ஒருநாள் எழும், ஒருநாள் எழாது: மேசைக் கணினி கிளம்ப மறுத்தால் எங்கிருந்து தேடுவது?

வீட்டில் ஐந்து முறை பட்டனை அமுக்கினாலும் அசையாத கணினி, ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனால் முதல் அமுக்கிலேயே எழுந்துவிடும். கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் வீட்டுக் கணினி ஒரு ஜனவரி முழுக்க இந்த வேலையைத்தான் காட்டியது. முதலில் கொண்டுபோன கடையில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, மாற்றிவிடலாம் என்று இந்தியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். எல்லாப் பாகமும் வந்து சேரும் பெரிய பலகைதான் மதர்போர்டு. அதில் ஒரு குறையும் இல்லை என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அடியோடு செத்த கணினியைச் சோதிப்பது சுலபம். ஒரு பாகத்தை மாற்றிப் பார்த்தால் ஓடும், அல்லது ஓடாது. அவ்வப்போது மட்டும் சண்டித்தனம் செய்வதில்தான் சிக்கல். எதையோ தொட்டோம், ஓடியது. ஆனால் தொட்டதால் ஓடியதா, தானாக ஓடும் நேரத்தில் நாம் தொட்டோமா என்று தெரியாது. அதனால் இந்த வேலைக்கு ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும்.

முதலில் நோட்டு

கணினி மக்கர் பண்ணும் ஒவ்வொரு முறையும் நான்கைந்து விஷயங்களை எழுதி வையுங்கள். எத்தனை மணி? அதற்கு முன் எவ்வளவு நேரம் அணைந்திருந்தது? எத்தனையாவது அமுக்கில் எழுந்தது? அந்த நேரத்தில் வீட்டில் கீசரோ ஹீட்டரோ ஓடியதா? முந்தைய இரவு சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தீர்களா, விட்டுவிட்டீர்களா? ஒழுங்காக எழுந்த நாட்களையும் எழுத வேண்டும். பலரும் இதை விட்டுவிடுவார்கள். நல்ல நாள் எப்படி இருந்தது என்று தெரியாமல் கெட்ட நாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் நோட்டில் பத்துப் பதினோரு நாளில் ஒரு கோலம் தெரிந்தது. தகராறு எல்லாம் காலை எட்டு மணிக்கு முன்னால். ஒருமுறை எழுந்துவிட்டால் நாள் முழுக்க அணைத்து அணைத்துப் போட்டாலும் பிரச்சினை இல்லை. இன்னொன்றும் இருந்தது. அம்மா ராத்திரி வீட்டில் இருக்கும் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். அவர் ஊருக்குப் போயிருந்த நான்கு நாளும் சுவிட்ச் அணைக்கப்படவில்லை. அந்த நான்கு காலையும் கணினி முதல் அமுக்கிலேயே எழுந்தது. இந்த ஒரு குறிப்பு என்னை நேராக எஸ்எம்பிஎஸ் பக்கம், அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியின் பக்கம், கொண்டுபோனது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த இடத்தில் நிற்கிறது?

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் நான்கு வெவ்வேறு நோய். பட்டனை அமுக்கினால் விசிறி, விளக்கு எதுவுமே அசையாதது ஒன்று. விசிறி ஒரு விநாடி சுற்றி நின்றுபோவது இன்னொன்று. சில நேரம் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். மூன்றாவது, எல்லாம் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு. கடைக்காரர்கள் பாஷையில் "டிஸ்பிளே வரலை". நான்காவது, கம்பெனி லோகோ வரை வந்து, விண்டோஸ் ஏறும்போது நின்றுவிடுவது.

பட்டனை அமுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்த நான்கும் ஏன் வேறு வேறு என்பது புரியும். கணினி அணைந்திருக்கும்போதும், சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் ஒரு சிறிய 5 வோல்ட் மின்சாரத்தை ஊதா நிற ஒயர் வழியாக மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் மாதிரி. நீங்கள் பட்டனை அமுக்கியதும் இந்த மின்சாரத்தில் விழித்திருக்கும் மதர்போர்டு, பச்சை ஒயரைத் தரையோடு இணைக்கிறது. உடனே எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் மூன்றையும் எழுப்புகிறது. மூன்றும் நிலைபெற்ற பிறகு, 100 முதல் 500 மில்லிவிநாடிக்குள், சாம்பல் நிற ஒயர் வழியாக "எல்லாம் சரி" என்று தகவல் அனுப்புகிறது. அந்தத் தகவல் வரும்வரை ப்ரோசசர் வேலையைத் தொடங்காது.

ஆக, எதுவுமே அசையாவிட்டால் சுவர், ஒயர், ஸ்டாண்ட்பை, பட்டன் ஆகியவற்றில் தேட வேண்டும். சுற்றி நின்றால் எஸ்எம்பிஎஸ், அல்லது எங்கோ ஷார்ட். ஓடியும் திரை கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் ரேம் என்ற நினைவகப் பட்டை, சில நேரம் அந்தச் சாம்பல் ஒயர் தகவல். லோகோ வந்துவிட்டதென்றால் மின்சாரத்தைப் பெரும்பாலும் மறந்துவிட்டு டிஸ்க்கையும் விண்டோஸையும் பாருங்கள்.

கேபினட்டைத் திறப்பதற்கு முன்

யுபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கணினியின் ஒயரை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகி இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். செலவே இல்லாத இந்தச் சோதனையைத் தாண்டிப் போய் மதர்போர்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பேட்டரி செத்த யுபிஎஸ் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். காலையில் யாராவது கீசரைப் போட்டதும் வோல்டேஜ் ஒரு கணம் சரியும், யுபிஎஸ் "டக்" என்று பேட்டரிக்கு மாறும், பேட்டரியில் ஒன்றும் இருக்காது, கணினி விழுந்துவிடும்.

பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்கும் பெரும்பாலும் அதே வகைக் கார்டுதான், இரண்டையும் இடம் மாற்றினாலே போதும். சாக்கெட்டில் பிளக் ஆடுகிறதா என்று பாருங்கள். பழைய அரசுக் குடியிருப்புகளில் பாதி சாக்கெட் தொளதொளவென்றுதான் இருக்கும். கேபினட்டின் பின்புறம் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும், பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது பாதியில் நிற்பதும் உண்டு.

எர்த் இருக்கிறதா என்று ஒரு டெஸ்டரால் பார்த்துவிடுங்கள். கேபினட்டின் இரும்புப் பகுதியில் வைத்தால் டெஸ்டர் எரிகிறதா, ஸ்க்ரூவைத் தொட்டால் சுருக்கென்கிறதா? அப்படியானால் அந்தச் சாக்கெட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் இருக்கும் இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகங்கள்) எர்த்தை நம்பி இணைக்கப்பட்டவை. எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினட் உடம்பில் வந்து நிற்கும். மிகச் சிறிய மின்னோட்டம்தான், ஆனால் யுஎஸ்பி கருவிகளும் மதர்போர்டும் கிறுக்குத்தனம் செய்ய அது போதும். இதைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கணினிக் கடைக்காரரை அல்ல.

பென் டிரைவ், பிரிண்டர், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கீபோர்டும் மவுஸும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரை கறுப்பாக இருக்கும் வீடுகளில் மானிட்டர் கேபிளையும் ஒருமுறை பாருங்கள். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வது புதிதல்ல.

திறந்தபின்

சுவர் சுவிட்சை அணைத்து, பவர் கார்டைக் கையோடு உருவி எடுத்துவிட்டு, கணினியின் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போனதும் 325 வோல்ட் நேர்திசை மின்சாரமாகிறது, பல எஸ்எம்பிஎஸ்களில் அது 380 வரை ஏற்றப்படுகிறது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் அது தங்கியிருக்கலாம்.

தில்லியில் மே மாத ஆந்தி, அதாவது புழுதிப் புயல், ஒன்று அடித்தால் போதும், கேபினட்டுக்குள் ராஜஸ்தானே வந்து உட்கார்ந்திருக்கும். பெயின்ட் பிரஷ்ஷும் ஒரு கை பிளோயரும் போதும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுற்ற விடாதீர்கள். வேக்குவம் கிளீனரின் முனையை போர்டுக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், நிலைமின்சாரம் ஆபத்து.

அடுத்து, மதர்போர்டில் இருக்கும் பெரிய 24 பின் இணைப்பையும், ப்ரோசசருக்கு அருகில் மேல் மூலையில் இருக்கும் 4 அல்லது 8 பின் இணைப்பையும் முழுக்கக் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகுங்கள். கொக்கி "கிளிக்" என்று உட்கார வேண்டும். செருகும் முன் பின்களின் பிளாஸ்டிக் எங்காவது பழுப்பாகக் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். கருகியிருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது.

பட்டனையே சந்தேகிப்பது பலருக்குத் தோன்றாது. மதர்போர்டின் கீழ் மூலையில் முன்பக்க ஒயர்கள் வந்து சேரும் பின் வரிசை இருக்கிறது. அதில் பவர் சுவிட்ச் என்று எழுதிய இரண்டு பின்களின் ஒயரைக் கழற்றிவிட்டு, பவர் கார்டைத் திரும்பச் செருகி, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டையும் ஒரு கணம் தொடுங்கள். பட்டனில் எழாத கணினி இதில் ஒவ்வொரு முறையும் எழுந்தால் குற்றவாளி பட்டன். அப்போதைக்கு ரீசெட் பட்டனின் ஒயரை அந்த இடத்தில் மாட்டி ஓட்டிக்கொள்ளலாம். ரீசெட் பட்டன் உள்ளே சிக்கி அமுங்கியே கிடந்தாலும் திரை வராது. அதன் ஒயரையும் ஒரு நாள் கழற்றிவிட்டுப் பார்ப்பது நல்லது.

எஸ்எம்பிஎஸ்: பெரும்பாலும் இவர்தான்

கெபாசிட்டர் என்ற உருளைக்குள் ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் வருடக்கணக்காக ஓட ஓட அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. வற்றிய கெபாசிட்டருக்குக் குளிர் ஆகாது. குளிரில் மிச்சத் திரவம் கெட்டிப்பட்டு, உள்தடை ஏறிவிடும். கிளம்பும் கணத்தில் தேவைப்படும் மின்சாரத்தை அதனால் கொடுக்க முடியாது. கொஞ்ச நேரம் மின்சாரம் பட்டு வெதுவெதுப்பானதும் பழையபடி வேலை செய்யும். தில்லியில் ஜனவரி அதிகாலை 4, 5 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். மே, ஜூன் வெயில் காயவைத்ததை ஜனவரிக் குளிர் காட்டிக்கொடுக்கிறது. கோளாறு ஏழு வருடமாக ஊறிக்கொண்டிருந்தாலும் நமக்கு அது ஒரு காலையில் திடீரென்று வந்தது போலத்தான் தோன்றும்.

இப்போது அம்மாவின் சுவிட்சுக்கு வருவோம். சுவிட்ச் போட்டிருந்தால் ஸ்டாண்ட்பை பகுதி இரவெல்லாம் ஓடித் தன்னைத்தானே சூடாக வைத்துக்கொள்ளும். அணைத்துவிட்டால் காலையில் அது விறைத்துப்போய்க் கிடக்கும். கடைக்குப் போகும்போது பகல் பதினொரு மணி, வெயில் வந்துவிட்டது, கடையில் அரைமணி நேரம் செருகி வைத்துவிட்டுத்தான் பட்டனையே அமுக்குவார்கள். அங்கே எப்படித் தகராறு செய்யும்?

மல்டிமீட்டர் இருந்தால் இதை நேரில் பார்க்கலாம். எல்லாம் பழையபடி செருகியிருக்க, சுவர் சுவிட்ச் போட்டு, கணினி அணைந்த நிலையில், 24 பின் இணைப்பின் முதுகுப்பக்கம் ஊதா ஒயரில் சிவப்பு முனையையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரில் கறுப்பு முனையையும் வையுங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் காலை ஆறரைக்கு 4.1 காட்டியது. இருபது நிமிடம் கழித்து 4.9. அதன் பிறகு பட்டனை அமுக்கினால் எழுந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

கணினி ஓடும்போது மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை சரியான அளவு. ஒயர்கள் எல்லாமே கறுப்பாக வரும் புதிய எஸ்எம்பிஎஸ் என்றால், பின் வரைபடத்தைப் பார்க்காமல் முனையை வைக்காதீர்கள்.

பேப்பர் கிளிப் சோதனை என்று ஒன்று எல்லோரும் சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கழற்றி, பச்சை ஒயரையும் ஒரு கறுப்பையும் இணைத்துவிட்டுச் சுவிட்சைப் போடுவது. விசிறி சுற்றினால் நல்லது என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சுமையே இல்லாமல் நடக்கத் தெரிந்தவரெல்லாம் மூட்டை தூக்குவார் என்று சொல்ல முடியாது. சுற்றாவிட்டால் செத்தது என்று ஓரளவு எடுத்துக்கொள்ளலாம், சுற்றினால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. சந்தேகமில்லாத ஒரே வழி, நன்றாக ஓடும் வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கடன் வாங்கி, அதே குளிர்காலையில், அதே கணினியில் போட்டுப் பார்ப்பதுதான்.

ரேம், பட்டன் பேட்டரி

விசிறி ஓடித் திரை வராத வகை என்றால் ரேமிலிருந்து தொடங்குங்கள். இரண்டு ரேம் இருந்தால் இரண்டையும் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, ரப்பர் துகளைத் தட்டிவிட்டு, ஒன்றை மட்டும் போடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் ப்ரோசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட். இரண்டு நாள் அதில் ஓட்டி, அப்புறம் மற்ற ரேமை அதே ஸ்லாட்டில் போட்டு இரண்டு நாள். ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் மட்டும் வரும் தகராறுக்கு இந்தத் துடைப்பே பல நேரம் போதும். பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அணைத்துவிட்டுச் சோதியுங்கள். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடலாம். ஒரு பிழை காட்டினாலும் பிழைதான்.

டிடிஆர்5 ரேம் போட்ட புதிய கணினிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரேமை மாற்றிய பின்போ, மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றிய பின்போ, முதல் முறை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பதறி அணைக்காமல் பத்து நிமிடம் பொறுங்கள்.

மதர்போர்டின் ஓரத்தில் ப்ரோசசர், ரேம், திரை, பூட் என்று நான்கு சிறிய விளக்குகள் இருந்தால் அவற்றில் எது எரிந்து நிற்கிறது என்று பாருங்கள். அது இல்லாத போர்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டி பீப் ஒலியை எண்ணலாம். எண்ணிக்கையின் பொருள் போர்டுக்குப் போர்டு மாறும், கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்க வேண்டாம்.

சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரிக்கும் அம்மாவின் சுவிட்சுக்கும் சம்பந்தம் உண்டு. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை கணினியின் கடிகாரம் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் ஓடும். அணைத்தால் பேட்டரியைத் தின்னும். தினமும் அணைக்கும் வீட்டில் இது சீக்கிரமே தீரும். தேதி பழைய வருடத்துக்குப் போவது, பயாஸ் அமைப்பு மறந்துபோவது எல்லாம் இதன் அறிகுறி. 3 வோல்ட் பேட்டரி 2.8க்குக் கீழே இறங்கிவிட்டால் மாற்றிவிடுங்கள். ஏறக்குறைய தேநீர் சமோசா விலைதான்.

இத்தனைக்கும் பிறகும் அடங்காவிட்டால் மதர்போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ரோசசர், அதன் விசிறி, ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். ப்ரோசசரிலேயே திரைவசதி இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். வெளியே ஒழுங்காக எழுந்தால், கேபினட்டில் ஏதோ ஒரு ஸ்க்ரூ போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் செய்திருக்கிறது. வெளியேயும் எழாவிட்டால், அப்போதுதான் மதர்போர்டு போய்விட்டது என்ற பேச்சுக்கே இடம்.

லோகோ வந்து நின்றால்

டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். சி7 என்ற வரி ஏறிக்கொண்டே போனால் கேபிள் தகராறு, 05, சி5 ஏறினால் டிஸ்க்கே போகிறது, முதலில் போட்டோக்களைக் காப்பாற்றுங்கள். விண்டோஸ் 8இலிருந்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியை அணைத்துவிட்டுச் சில நாள் பாருங்கள். அது இருக்கும்போது ஷட்டவுன் முழு ஷட்டவுன் அல்ல, பாதித் தூக்கம். ரீஸ்டார்ட் செய்தால் நன்றாக வருகிறது, அணைத்துப் போட்டால் மட்டும் நிற்கிறது என்றால் இதுவாக இருக்கலாம். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூயரில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முன்பு ஒழுங்காக அணையவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது, ஏன் என்று சொல்லாது.

நேரு பிளேசில் எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது

நேரு பிளேஸ்தான் தில்லியின் கணினிச் சந்தை. வயலெட் லைன் மெட்ரோவில் அங்கே இறங்கினால் எதிரிலேயே சந்தை. ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலும் பூட்டு. பெட்டி மேல் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டு, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 16, வெறும் 192 வாட். இன்றைய கணினி பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. கையில் தூக்கிப் பாருங்கள், காற்றாக இருந்தால் வைத்துவிடுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். அந்தத் தள்ளுபடிக்கு வாரண்டியை விற்காதீர்கள். கேபிள் தனியாகக் கழற்றும் வகை என்றால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களை ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் எடுத்துவிடுங்கள். முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஒயர் வரிசை வேறாக இருக்கும், டிஸ்க்கும் போர்டும் புகைந்துவிடும்.

நீங்களே செய்ய முடியாமல் கடையில் கொடுப்பதானால் நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். இரவு முழுக்க ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதிய எஸ்எம்பிஎஸ் மாட்டியதும் அன்றைக்கே சரியாகிவிட்டது என்று கேபினட்டை மூடிவிடக் கூடாது. பழைய கோலம் எந்தச் சூழலில் வந்ததோ அதே சூழலில் சோதிக்க வேண்டும். நான் இரண்டு வாரம் ஒவ்வொரு ராத்திரியும் அம்மாவையே சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு, காலை ஆறரைக்குப் போர்வையோடு வந்து பட்டனை அமுக்கி, நோட்டில் டிக் போட்டேன். பதினான்கு டிக். பதினைந்தாம் நாள் பக்கவாட்டுப் பலகையை மாட்டி ஸ்க்ரூவை முடுக்கினேன்.